எயுந்திரு நைனா

எங்கள் நிகழ்ச்சியின் பெயரை இங்கே சொல்லப்போவதில்லை. சொன்னால் உடனே தேடிப் பார்ப்பீர்கள். அந்த ஒரு வீடியோவை நான் நீக்கிவிட்டேன், ஆனால் யார் யாரோ வெட்டி ஒட்டிப் போட்டதெல்லாம் இன்னும் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது. பார்த்தால் சிரிப்பீர்கள். சிரிக்கத்தான் எழுதினேன். அதுதான் என் வயிற்றெரிச்சல்.

விஷயம் இவ்வளவுதான். வெள்ளிக்கிழமை ஒரு படம் வரும். ஞாயிற்றுக்கிழமை காலை நானும் என் அறை நண்பனும் திருமுல்லைவாயிலில் எங்கள் ஃப்ளாட்டின் மொட்டைமாடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, கைலியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து அந்தப் படத்தைப் பற்றிப் பேசுவோம். நாங்களாக அல்ல, ஏரியாப் பசங்களாக. அவன் முதல் நாள் முதல் காட்சி பார்த்து, விசிலடித்தே தொண்டை கட்டிப்போன ரசிகன். நான் ஏசிக்காகத் தியேட்டருக்குப் போய்த் தூங்குகிறவன். ஆனால் கதை என்னவோ தூங்கினவனுக்குத்தான் சரியாகத் தெரிந்திருக்கும். ரசிகன் உணர்ச்சிவசப்பட்டுத் தப்புத் தப்பாகச் சொல்லச் சொல்ல, நான் கொட்டாவி விட்டுக்கொண்டே திருத்துவேன்.

"நீ தூங்கினுதான மாமே இர்ந்த, ஒனக்கு எப்டித் தெரியும்?" என்பான் அவன்.

"இதே கதய போன வருசமும் இதே சீட்ல தூங்கினே பாத்தேன் மச்சான்," என்பேன் நான். இதற்கு விழுந்து விழுந்து சிரித்தவர்கள் உண்டு.

இதில் பெரிய கூத்து என்னவென்றால் எங்கள் இரண்டு பேருக்கும் சென்னை சொந்த ஊரே இல்லை. நான் திருநெல்வேலிப் பக்கம். அவன் ஈரோட்டுக்காரன். கேமராவை நிறுத்தியதும் அவன், "ஏன்டா, மதியத்துக்கு என்னடா பண்றதாட்டம்?" என்பான். நான், "ஏலே, நேத்து அரைச்ச மாவு கெடக்குல்லா, ஊத்து," என்பேன். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு மீட்டிங்கில், "எங்கே, அந்த ஏலேவை இன்னொரு வாட்டி சொல்லு," என்று கேட்டு ஒரு அறை முழுக்கச் சிரித்தார்கள். நானும் சொல்லிக்காட்டிவிட்டு, கழிவறைக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன். ஒருவனுடைய நாக்கு அடுத்தவனுக்கு வேடிக்கைப் பொருளாவது எப்படி இருக்கும் என்று எனக்கு நன்றாகவே தெரியும். தெரிந்தவன்தான் செய்தேன். தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்ளவாவது ஒரு வழி இருந்திருக்கலாம்.

ஆரம்பத்தில் எங்களைக் காறித் துப்பினார்கள். "கூவத்துல முக்கி எடுத்தாலும் ஒங்களுக்கு மெட்ராஸ் பாஷை வராதுடா" என்று ஒருவர் எழுதியிருந்தார். உண்மைதான். சினிமாவில் கேட்ட நாலு வார்த்தையை வைத்துக்கொண்டு ஓட்டிக்கொண்டிருந்தோம். அப்போதுதான் எனக்கு அக்கா கிடைத்தார்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் எங்கள் ஆபீஸின் மூன்றாவது மாடி பேன்ட்ரி அவர் பொறுப்பு. காபி மெஷினுக்குப் பால் ஊற்றுவது, கப் கழுவுவது, மேஜை துடைப்பது, யார் டிபன் பாக்ஸை யார் தின்றார்கள் என்று பஞ்சாயத்து பண்ணுவது எல்லாம். முத்தாபுதுப்பேட்டையிலிருந்து ஆவடி வந்து பஸ் மாறி வருவார். நாற்பத்தைந்து வயதிருக்கும். ஒரே மகள், ப்ளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாள். காலையில் நான் உள்ளே நுழைந்தால், "இன்னா நைனா, மூஞ்சி ஒரு மாரி கீது, துன்னியா இல்லியா?" என்பார். அந்த ஆபீஸில் நான் சாப்பிட்டேனா என்று கேட்ட ஒரே ஆள் அவர்தான்.

எனக்கு அந்த நைனாவில் ஒரு சந்தேகம் இருந்தது. ஒருநாள் கேட்டே விட்டேன். "அக்கா, நைனான்னா அப்பாதானே? என்னை எதுக்கு அப்படிக் கூப்பிடுதிய?"

அக்கா துணியைக் கீழே வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அப்பனையும் நைனான்னுவோம், புள்ளையையும் நைனான்னுவோம். ஒங்க ஊர்ல புள்ளைய 'இன்னாப்பா, வாப்பா'ன்னு கூப்புட மாட்டாங்களா? அந்த 'ப்பா' மட்டும் யாரு, ஒன் மாமனா?"

அன்றிலிருந்து அவரை விடவில்லை. மத்தியானம் சாப்பாட்டுக்கு அப்புறம் போனை எடுத்துக்கொண்டு பேன்ட்ரியில் போய் உட்கார்ந்துவிடுவேன். நான் எழுதியதைப் படித்துக் காட்டுவேன், அவர் திருத்துவார். "அத்த இப்டி சொல்லாத, நோவுது காதுல. 'அப்பால வரேன்'னு சொல்லு. அவ்ளோதான்." திட்டு வேண்டுமென்றால் திட்டு, கொஞ்சல் வேண்டுமென்றால் கொஞ்சல், எல்லாம் அவர் வாயில் தயாராக இருக்கும். எங்கள் நிகழ்ச்சி சூடு பிடித்தது அதற்கப்புறம்தான். "பக்கா நம்ம ஏரியா பையன்" என்று வீடியோவுக்குக் கீழே என்னைப் பற்றி எழுத ஆரம்பித்தார்கள். அக்காவைப் பற்றி நான் எங்கேயும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கேட்டால் என்ன சொல்வது, எங்கள் பேன்ட்ரி அக்கா சொல்லிக்கொடுத்தார் என்றா? அப்படித்தான் சொல்லியிருக்க வேண்டும்.

ஒரு நாள் அக்கா வழக்கத்துக்கு மாறாகக் குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினார். அவர் தெருவில் சினிமா எடுக்க வந்தார்களாம். தண்ணீர் லாரிக்காரனிடம் சண்டை போட்டுக்கொண்டிருந்த அக்காவை ஓர் உதவி இயக்குநர் பார்த்து, ஒரு காட்சியில் நடிக்கிறீர்களா என்று கேட்டிருக்கிறார். மகன் லாரியில் அடிபட்டுச் செத்துக் கிடப்பான், தாய் வந்து விழுந்து அழ வேண்டும். அவ்வளவுதான் காட்சி.

"வசனம் எய்தி குடுத்தாங்கோ நைனா. நான் சொன்னேன், இப்டியெல்லாம் அயுவ வராது, நான் என் வாயால அயுவறேன்னு. சரின்ட்டாங்கோ. அப்பால வடபயனி இட்டுகினு போயி மைக்காண்ட நிக்க வெச்சி, என் கொரல்லயே பேச வெச்சாங்கோ." அதைச் சொல்லும்போது அவர் கை தானாகத் தொண்டைக் குழிக்குப் போயிற்று. "அடுத்த படம் ஒண்ணு கீதாம். அதுல படம் பூரா வர்றேன். அதுலயும் என் கொரல்தான்னு சத்தியம் பண்ணிகீறாரு அந்தப் பையன். அதுல பேரும் வருமாம், கடைசில எயுத்து ஓடும்ல, அதுல. எங்க ஊட்ல எவன் பேரும் ரேசன் கார்ட தாண்டி எங்கயும் வந்ததில்ல நைனா."

நன்றாக இருங்கக்கா என்று சொன்னேன். வாய்தான் சொன்னது. உள்ளே ஏதோ சுருக்கென்றது. பத்து வருடமாகச் சினிமா சினிமா என்று கிடக்கிறேன், எத்தனை கம்பெனி வாசலில் நின்றிருக்கிறேன், கதை என்று எத்தனை நோட்டு கிறுக்கியிருக்கிறேன். எனக்குக் கிடைத்தது மொட்டைமாடியும் ஒரு போனும். லாரிக்காரனிடம் சண்டை போட்டவருக்கு வெள்ளித்திரை. பொறாமைதான், வேறு பெயரெல்லாம் வைத்து என்னை நானே ஏமாற்றிக்கொள்ள இப்போது எனக்குத் தெம்பில்லை.

படம் வந்தது. நானும் நண்பனும் போனோம். படு மொக்கைப் படம். இரண்டாம் பாதியில் அந்தக் காட்சி வந்தது. அக்கா தலைவிரி கோலமாக ஓடி வந்து, மகனுடைய தலையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். கத்தவில்லை. தூங்குகிறவனை எழுப்புகிற குரலில் சொன்னார்: "எயுந்திரு நைனா. ஊட்டுக்குப் போலாம். சோறு ஆறுது, எயுந்திரு நைனா." தியேட்டரில் அதுவரை போன் பார்த்துக்கொண்டிருந்தவர்கள்கூட நிமிர்ந்தார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. பக்கத்தில் நண்பன் பார்த்துவிடுவானோ என்று சட்டைக் கையால் துடைத்துக்கொண்டேன்.

இதையெல்லாம் எதற்குச் சொல்கிறேன் என்றால், அந்தக் காட்சி நல்ல காட்சி என்று எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் வீட்டுக்கு வந்து உட்கார்ந்து எழுதினேன். படத்தில் கிண்டல் பண்ணக்கூட ஒன்றும் இல்லை, அவ்வளவு சப்பை. மறுநாள் காலை படப்பிடிப்பு. பன்னிரண்டு நிமிடம் நிரப்பியாக வேண்டும். விரல் தானாக அங்கே போய் நின்றது.

நண்பன் படித்துப் பார்த்துவிட்டு இழுத்தான். "டேய், அது உங்க ஆபீஸ் அக்கா தானடா? பாவம்டா, வேண்டாம், விட்ரு."

"அக்கா ஜாலியான ஆளுல. தெனமும் என்னையக் கலாய்க்கிறவங்கதான். நம்ம கலாய்ச்சா சிரிப்பாங்க," என்றேன். நமக்குத்தான் இருக்கவே இருக்கிறதே, யாரை வேண்டுமானாலும் என்ன வேண்டுமானாலும் சொல்லிவிட்டு, சும்மா கலாய்த்தேன் என்று துடைத்துப் போட்டுவிடுகிற பழக்கம்.

வீடியோவில் அவன் கேட்டான்: "ஏன் மாமே, செத்தது அந்தம்மா புள்ளையா, அப்பனா? நைனா நைனான்றாங்கோ?"

நான் கொட்டாவி விட்டேன். "அந்தம்மாவுக்கே டவுட்டு மச்சான். அதான் எயுப்பி கேக்குது." அதோடு நிறுத்தினேனா? நிறுத்தவில்லை. கேமராவைப் பார்த்துத் திரும்பி, "இது எந்த ஊரு மெட்ராஸ் பாஷை மச்சான்? நம்ம ஏரியால எவனாச்சும் புள்ளைய நைனான்னு கூப்ட்டு பாத்துகீறியா? மெட்ராஸ் பாஷைன்னா இன்னான்னு தெரியாம, எங்கயோ கெடந்த ஆள இட்டாந்து வெச்சிகீறானுங்கோ," என்றேன். திருநெல்வேலிக்காரன் சொன்னேன். அக்காவின் 'எயுந்திரு நைனா'வை மூன்று முறை திரும்பத் திரும்ப ஓடவிட்டு, ஒவ்வொரு முறையும் ஒரு டொய்ங் சத்தம் சேர்த்தது என் கைதான்.

அதுவரை எங்களுக்கு அப்படிக் கூட்டம் வந்ததே இல்லை. இரண்டு நாளில் பஸ்ஸில், டீக்கடையில், ஆபீஸ் லிஃப்டில் எல்லாம் "எயுந்திரு நைனா" ஓடியது. தூங்குகிற நாய்க்குட்டிக்கு, ஸ்டார்ட் ஆகாத வண்டிக்கு, தோற்றுப்போன கிரிக்கெட் அணிக்கு என்று எல்லாவற்றுக்கும் அக்காவின் குரலை ஒட்டிப் போட்டார்கள்.

அந்த வாரம் முழுக்க நான் பேன்ட்ரிப் பக்கம் போகாமல் கீழே டீக்கடையில் குடித்தேன். அடுத்த திங்கட்கிழமை அக்காவே என் மேஜைக்கு வந்தார். காபியை வைத்தார். போகாமல் நின்றார்.

"பாத்தேன் நைனா. பொண்ணு காமிச்சா. நல்லா சிரிச்சோம்." கப்பை என் பக்கம் தள்ளி வைத்தார். "ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லு. நீ படிச்சவன். நான் கூப்டது தப்பா? எங்க தெருவுல நாங்கோ அப்டித்தான் கூப்டுவோம். ஒருவேள எங்க தெருவே தப்பா பேசுதோ, இன்னவோ."

தப்பில்லை அக்கா. இரண்டே வார்த்தை. அவரே எனக்கு விளக்கிச் சொன்ன விஷயம். அதைத் திருப்பிச் சொன்னால் போதும். ஆனால் தப்பில்லை என்றால் வீடியோவில் நான் சொன்னது பொய் என்று ஆகிவிடும். பக்கத்து மேஜைக்காரன் வேறு காதைத் தீட்டிக்கொண்டிருந்தான். "காமெடிக்கு சொன்னதுக்கா, சீரியஸா எடுத்துக்காதீங்க," என்றேன். அவர் தலையாட்டினார். டிரேயை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஒரு மாதம் போனது. அந்த உதவி இயக்குநர் எனக்கே போன் பண்ணினார். எங்கள் நிகழ்ச்சிக்கு ரசிகராம்.

"ப்ரோ, ஒரு உதவி. நீங்க கலாய்ச்சீங்களே, அந்தம்மா, அவங்கதான் எங்க அடுத்த படத்துல முக்கியமான ரோல். நடிச்சு முடிச்சிட்டாங்க, பிரமாதம். ஆனா டைரக்டருக்கு பயம் வந்திருச்சு. அந்தக் குரல் டிரெய்லர்ல வந்தா ஜனங்க எயுந்திரு நைனான்னு சிரிப்பாங்கன்றார். டப்பிங் ஆர்ட்டிஸ்ட் போடறோம். பாஷை மட்டும் சுத்தமா வரணும். நீங்க ஒரு நாள் வந்து சொல்லித்தர முடியுமா? எண்ட் டைட்டில்ல உங்க பேர் போடறோம்."

அந்த நேரத்தில் ஒரு மனுஷன் என்ன செய்திருக்க வேண்டும் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவர் பேசியதுதான் சரி, நான் உளறினேன், அவரையே பேசவிடுங்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். நான் கேட்டது, "எத்தனை மணிக்கு வரணும்?"

வடபழனியில் குளுகுளுவென்று ஓர் அறை. அந்த டப்பிங் பெண் கெட்டிக்காரி, ஒரு தடவை சொன்னால் பிடித்துக்கொண்டார். நான் சொல்லிக்கொடுத்ததில் ஒரு சொல்கூட என்னுடையதில்லை. எங்கே இழுக்க வேண்டும், எங்கே வெட்ட வேண்டும், கோபத்தில் எந்த எழுத்து காணாமல் போகும் எல்லாம் பேன்ட்ரியில் கற்றது. திரையில் அக்காவின் வாய் அசைந்துகொண்டே இருந்தது, சத்தமில்லாமல். நடுவில் அந்தப் பெண் ஹெட்போனைக் கழற்றிவிட்டுக் கேட்டார், "சார், இங்க மகனை நைனான்னு கூப்பிடற மாதிரி வருதே, மாத்திடலாமா?"

"வேண்டாம். சென்னையில பிள்ளையையும் அப்படித்தான் கூப்பிடுவாங்க," என்றேன். எவ்வளவு சுலபமாக வாயில் வந்தது பாருங்கள். கேட்க வேண்டியவர் கேட்டபோது வராதது.

படம் வெளியான வாரம் அக்கா என்னிடம் வந்தார். "ஞாயித்துக்கெயம மத்தியான ஆட்டத்துக்கு வரியா நைனா? பொண்ணுக்குப் பரீட்ச. தனியா போவ கூச்சமா கீது. நீதான் சினிமா தெரிஞ்ச ஆளு." குரல் மாற்றிய விஷயத்தை யாரும் அவரிடம் சொல்லவில்லை என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நானாவது சொல்லியிருக்கலாம். சரிக்கா என்றேன்.

ஆவடியில் பார்த்தோம். அக்கா நீலப் பட்டுப்புடவை கட்டி வந்திருந்தார். கூட்டம் அதிகமில்லை. படம் ஆரம்பித்துப் பத்தாவது நிமிடம் அவர் முகம் திரை முழுக்க வந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டார். திரையில் வாய் திறந்தது. குரல் வந்தது.

அக்கா திரும்பிப் பின்வரிசையைப் பார்த்தார். யாரோ பேசுகிறார்கள் என்று நினைத்துவிட்டார். அங்கே யாரும் இல்லை. மறுபடி திரையைப் பார்த்தார். வாய் அசைந்தது, அதே குரல் வந்தது. என் கையை விட்டுவிட்டார்.

"இது நான் இல்லியே," என்றார், மெதுவாக, என்னிடம் கூட இல்லை.

இடைவேளையில் ஒன்றும் வேண்டாம் என்றார். எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. ஆனால் சத்தியமாகச் சொல்கிறேன், அது அவருக்காக அடித்துக்கொள்ளவில்லை. கடைசியில் எழுத்து ஓடும்போது என் பெயர் வருமே, 'சென்னைத் தமிழ்ப் பயிற்சி' என்று போட்டு வருமே, அதை அவர் படித்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம்தான். எந்தப் பெயர் திரையில் வர வேண்டும் என்று பத்து வருடம் கிடந்தேனோ, அது வந்துவிடக் கூடாதே என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கடைசிக் காட்சி முடிந்து திரை கறுப்பானது. நான் எழுந்துவிட்டேன். "வாங்கக்கா, போவோம். கூட்டத்துல ஆட்டோ கெடைக்காது."

அக்கா நாற்காலியை விட்டு அசையவில்லை. "இரு நைனா. கொரல்தான் பூட்ச்சி. பேராச்சும் பாத்துட்டு வரேன்."

"இப்பல்லாம் பேரு போடுறதில்லக்கா. பெரிய ஆட்களுக்கு மட்டுந்தான்," என்றேன்.

நான் சினிமா தெரிந்த ஆள் இல்லையா, நம்பிவிட்டார். புடவையைச் சரிசெய்துகொண்டு எழுந்தார். நான் அவருக்கும் திரைக்கும் நடுவில் நடந்து வெளியே கூட்டிக்கொண்டு வந்தேன். வாசலில் ஷேர் ஆட்டோ நின்றது. ஏறும்போது, "அந்தப் பொண்ணு யாரோ நல்லா பேசிச்சி. நம்ம மாரியே பேசிச்சி," என்றார். அதற்கும் தலையாட்டினேன்.

அக்கா அதற்கப்புறம் ரொம்ப நாள் ஆபீஸில் நீடிக்கவில்லை. மகளுக்குக் காலேஜில் இடம் கிடைத்தது, வீட்டுக்குப் பக்கத்திலேயே வேறு வேலை பார்த்துக்கொண்டார் என்று செக்யூரிட்டி சொன்னார். நிகழ்ச்சியும் நின்றுபோனது. கைலி கட்டிக்கொண்டு உட்கார்ந்தால் எனக்கு அந்தப் பாஷை வாயில் வரவில்லை. நண்பன் கொஞ்ச நாள் கெஞ்சிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டான்.

போன மாதம் அந்தப் படம் ஓடிடியில் வந்தது. கடைசிக்கு ஓட்டி, எழுத்து வந்ததும் நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். அக்காவின் பெயர் இருக்கிறது. அப்பா பெயரின் முதலெழுத்தோடு, முழுதாக, நடித்தவர்கள் வரிசையில் ஐந்தாவது. தியேட்டரில் அன்றைக்கு அரை நிமிடம் உட்கார்ந்திருந்தால் பார்த்திருப்பார். என் பெயர் வருவதற்கு அதற்கப்புறமும் ரொம்ப நேரம் இருந்தது.

ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைத்திருக்கிறேன். அவருடைய நம்பர் என்னிடம் இருக்கிறது. இன்னும் அனுப்பவில்லை.